நான் எழுதாமல் விட்ட இரண்டு வரிகள்

போன மாதம் ஜெயசீலன் போன் செய்தபோது விஜயநகர் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் அவன் ரெவரெண்ட் டாக்டர் ஜெயசீலன். மைசூரில் நான் வேலை பார்த்த இறையியல் கல்லூரியில், நான் உட்கார்ந்த அதே நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிறான். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதையும் அவன் தலையில் கட்டிவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். ஐம்பதை நெருங்குகிற மனிதனை 'அவன்' என்று எழுதுவதைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ சொல்வது போல் இருந்தது.

"மேடம், ஒரு ஹெல்ப் வேணும். நம்ம பசங்க ஆஸ்பத்திரிக்குப் போறப்ப சட்டைப் பையில போனை ஆன் பண்ணி வெச்சுக்கறாங்க. பேஷண்ட் பேசறது எல்லாம் அதுலயே எழுத்தா வந்துடுது. ஒரு தும்மலைக்கூட விடறதில்ல."

"பேஷண்டைக் கேட்டுட்டு வெச்சாங்களா?"

"இல்ல. அதுக்குத் தனியா திட்டியாச்சு. ஆனா ஒரு பொண்ணு கேக்கறா, மெஷினே தப்பில்லாம எழுதுதே, நாம எதுக்கு ஞாபகத்துலேந்து எழுதணும்னு. நான் சொன்னா அது பாடமாயிடும். நீங்க கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்களேன்."

சரி என்றேன். போனை வைப்பான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"முழுசா எழுதுங்க மேடம்," என்றான். பிறகு வைத்தான்.

நான் முதலில் நர்ஸ். பத்து வருடம் வார்டில் நின்று கால் வீங்கிய பிறகு இறையியல் படிக்கப் போனேன். பொம்பளை பி.டி. படித்து என்ன செய்யப்போகிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். படித்தேன், மேற்படிப்பாக மனநல ஆலோசனை படித்தேன், முப்பத்தெட்டாவது வயதில் இந்தக் கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஆசிரியர் அறையில் நான் ஒருத்திதான் பெண். எனக்கென்று ஒரு டம்ளர்கூட அங்கே இல்லை, வீட்டிலிருந்து கொண்டுபோய் வைத்தேன். முதல் இரண்டு வருடம் தகுதிகாண் காலம். அதன் முடிவில் கல்லூரியின் கவுன்சில் கூடி என் வேலையை நிரந்தரமாக்கும், அல்லது நன்றி சொல்லி அனுப்பிவிடும்.

நான் கற்பித்த பாடம் ஒன்றுதான். போதகராகப் போகிறவர்கள் நோயாளியின் பக்கத்தில் எப்படி உட்கார வேண்டும் என்பது. கேட்பதற்குச் சுலபம். பிரசங்கம் செய்யப் பழகிய வாயை மூடவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

மாணவர்கள் வியாழக்கிழமை மதியம் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போவார்கள். கையில் பேப்பர் கூடாது, பேனா கூடாது, துண்டுப் பிரதி கூடவே கூடாது. நோயாளி தானாகக் கேட்டால் ஒழிய ஜெபம் பண்ணக் கூடாது. அவர் எந்த மதத்துக்காரராக இருந்தாலும் அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு எழுந்து வர வேண்டும். வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வளாகத்தில் தூங்குமூஞ்சி மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள், நடந்த பேச்சை வார்த்தை மாறாமல் எழுத வேண்டும். நோயாளி சொன்னதற்கு முன்னால் 'நோ' என்றும், மாணவன் சொன்னதற்கு முன்னால் 'மா' என்றும் போட வேண்டும். நோயாளியின் பெயரும் படுக்கை எண்ணும் இருக்கக் கூடாது. அவர் எந்த மொழியில் பேசினாரோ அதே மொழியில் எழுத வேண்டும். இருமினால் இருமினார் என்று எழுது. மௌனமாக இருந்தால் எவ்வளவு நேரம் என்று எழுது. கடைசியில் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: 'இந்தப் பேச்சில் எந்த இடத்தில் நான் தப்பித்து ஓடினேன்?'

இதற்கு உரையாடல் அறிக்கை என்று பெயர். மறுநாள் வகுப்பில் அதை இரண்டு பேர் நாடகம் போல வாசிப்பார்கள். எழுதியவன் வாசிக்கக் கூடாது. தன் வார்த்தைகளை இன்னொருவன் வாயால் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முடிகிறவரை விளக்கம் சொல்லக் கூடாது. நிறையப் பேருக்குக் காது சிவந்துவிடும்.

இந்த முறையை ஏற்படுத்தியவர் எங்கள் துறைத் தலைவர் அருள்தாஸ் ஐயா. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் பாதி கன்னடம். என்னைக் கடைசிவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார். நர்ஸ் வேலையை விட்டு வந்தது எல்லாம் அவர் கணக்கிலேயே இல்லை. வகுப்புக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். அதற்குப் பக்கத்தில் இரண்டு பென்சில். சிவப்பு, நோயாளி சொல்லாததை மாணவன் சேர்த்து எழுதிய இடத்துக்கு. நீலம், சொன்னதை விட்டுவிட்ட இடத்துக்கு. நல்லா இருக்கு என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. திருப்தியாக இருந்தால், "ஆகலி, அடுத்தது" என்பார்; ஆகலி என்றால் கன்னடத்தில் ஆகட்டும். அதுதான் பாராட்டு.

ஒரு மாணவன் தன் நோயாளி 'உமது சொற்கள் என் ஆத்துமாவைத் தேற்றின' என்று சொன்னதாக எழுதியிருந்தான். ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

"வயித்துல ஆபரேஷன் ஆன மனுஷன் இப்படியா பேசுவான்? சும்னே அலங்காரம் பண்ணாதப்பா. என்ன சொன்னான்?"

"'வயிறு எரியுது, சித்த நேரம் பேசாம இரு'ன்னு சொன்னார் ஐயா."

"அதை எழுது."

இன்னொருவன், வாயில் கட்டுப் போட்டிருந்த ஒருவருக்கு ஜெபம் பண்ணிவிட்டு வந்தான். அவர் கேட்டாரா என்றதற்கு, கண்ணால் கேட்டார் என்றான். "கண்ணால கேட்டா நீயும் கண்ணாலயே பண்ணியிருக்கணும்," என்றார் ஐயா. நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜெயசீலன் நான் சேர்ந்ததிலிருந்தே என் மாணவன். இது நடந்தது என் இரண்டாவது வருடத்தில். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக்காரன். அந்தப் பக்கத்துத் தமிழ் கொங்குப் பேச்சு மாதிரி இருக்கும். அவன் அப்பா அங்கே உபதேசியார், முப்பது வருடமாக ஐந்து கிராமங்களுக்குச் சைக்கிளில் போய் வந்தவர். உபதேசியார் பிரசங்கம் பண்ணலாம், துக்க வீட்டுக்குப் போகலாம். ஆனால் குருப்பட்டம் பெறாதவர், வெள்ளை அங்கி போட முடியாது. மகன் அங்கி போட்டு நிற்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. உடம்பு வேறு சரியில்லை. அந்த வருடம் படிப்பு முடிந்ததும் கவுன்சில் பரிந்துரைத்தால் ஜெயசீலனுக்குக் குருப்பட்டம் கிடைத்துவிடும்.

அவன் நான்கு வாரமாக ஒரே நோயாளியைப் பார்த்துவந்தான். அவரும் ஹனூர்ப் பக்கத்து விவசாயி. கன்னடம் மட்டும் கேட்கிற வார்டில் சொந்த ஊர்த் தமிழ் கேட்டதும் இவன் கையைப் பிடித்துக்கொண்டாராம். ஈரல் கெட்டுப்போயிருந்தது. நான்காவது வியாழக்கிழமை அவன் எழுதிய அறிக்கையின் கடைசிப் பகுதியை இன்றும் பார்க்காமல் சொல்வேன்.

நோ: மலைக்கு ஒருக்கா வர்றேன்னு மாதப்பனுக்கு நேந்துக்கிட்டேன் கண்ணு. இனிப் போக முடியாதாட்ட இருக்குது.

மா: (பேசவில்லை.)

நோ: வாயி ஒணந்துபோச்சு. அவன் பேரைச் சொல்ல வரமாட்டேங்குது. எனக்காவ நீ சொல்லு.

மா: (மௌனம். ஒரு நிமிடம் இருக்கும்.) உகே மாதப்பா.

நோ: இன்னொருக்கா.

மா: உகே மாதப்பா.

நோ: ஆச்சு. இது போதும் கண்ணு.

மாதேஸ்வரன் மலைச் சாமிதான் மாதப்பன். அங்கே போகிற பக்தர்கள் சொல்கிற கோஷம் அது. இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, அந்த மனிதர் இறந்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே அறிக்கையை வாசித்துவிட்டேன். ஜெபம் கேட்டவருக்கு ஜெபம் பண்ணினான் என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். குருப்பட்டத்துக்கு நிற்கிறவன் இன்னொரு தெய்வத்தின் கோஷத்தைச் சொல்லிவிட்டு, அதை வரி வரியாக எழுதியும் கொடுத்திருக்கிறான். ஒரு வார்த்தையும் விடாதே என்று இரண்டு வருடமாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அவனை என் அறைக்குக் கூப்பிட்டேன். உனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எங்கூர் பஸ்ஸு மலைக்குக் கெளம்பறப்ப எல்லாரும் சொல்றதுதானுங்க மேடம். அவருக்கு வாய் வரல. பக்கத்துல நான்தான் இருந்தேன்."

அதற்குப் பிறகு நடந்த பேச்சுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். அதைப் பிறகு சொல்கிறேன். முடிவு இதுதான்: கோஷம் வருகிற மூன்று வரிகளையும் எடுத்துவிட்டு அறிக்கையைத் திரும்ப எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். எழுதிக்கொண்டு வந்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை வகுப்பில் இரண்டு மாணவர்கள் அதை வாசித்தார்கள். 'எனக்காவ நீ சொல்லு' என்றான் நோயாளியாக வாசித்தவன். மற்றவன், 'மௌனம், ஒரு நிமிடம்' என்றான். அடுத்து உடனே, 'ஆச்சு. இது போதும் கண்ணு' என்று வந்தது.

ஐயா கையை உயர்த்தினார். "நில்லுங்க. என்ன ஆச்சு? எது போதும்? கேட்டவன் வாங்கிக்கிட்ட மாதிரி பேசறான். குடுத்தது எங்கே?" நீலப் பென்சிலை எடுத்தார். "இங்க ஏதோ விழுந்துபோயிருக்கு."

ஜெயசீலன் என்னைப் பார்த்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். என் கடிகாரத்தை அல்ல, மேஜையிலிருந்த அவருடைய கடிகாரத்தை. இத்தனை வருடம் கழித்தும் அந்த முள் இருந்த இடம் ஞாபகம் இருக்கிறது. அவன் எழுந்து, விட்டுப்போன மூன்று வரிகளையும் அதே குரலில் சொன்னான்.

"ஏன் விட்டே?" என்றார் ஐயா.

ஐயா இரண்டாவது தடவை கேட்டபோதுதான் எனக்கு வாய் வந்தது. "நான்தான் எடுக்கச் சொன்னேன் ஐயா."

அவர் கோபப்படவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசினதையும் அறிக்கையா எழுதிக் கொண்டாங்க சிஸ்டர். அதுல யாரு நோயாளின்னு நீங்களே பாத்து எழுதிக்கோங்க."

அன்று சாயங்காலமே எழுதினேன். மறுநாள் ஐயாவின் அறையில் நாங்கள் மூன்று பேர் மட்டும். வழக்கத்துக்கு மாறாக ஜெயசீலனின் வரிகளை அவனையே வாசிக்கச் சொன்னார். என் வரிகளை ஐயா வாசித்தார். நான் எழுதிக் கொடுத்தது இப்படித்தான் இருந்தது.

நான்: இந்த மூணு வரியும் வேண்டாம். எடுத்துடு.

மா: ஒரு வார்த்தையும் விடக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?

நான்: கவுன்சில்ல இதைப் படிச்சா உனக்குக் குருப்பட்டம் தர மாட்டாங்க. உங்கப்பாவ நெனச்சுப் பாரு.

மா: (மௌனம். அரை நிமிடம்.) சரி மேடம். எடுத்துடறேன்.

'அரை நிமிடம்' வரை வாசித்துவிட்டு ஜெயசீலன் நின்றுவிட்டான். தாளைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"என்னப்பா, எழுத்து புரியலியா?" என்றார் ஐயா.

"புரியுதுங்க ஐயா," என்றான். பிறகு கடைசி வரியை வாசித்து முடித்தான்.

ஐயா என் தாளை வாங்கி, அந்த மௌனத்துக்குப் பக்கத்தில் நீலப் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். நான் மடியிலிருந்த பேனாவை மூடிவைத்தேன். "ஆகலி," என்றார். 'அடுத்தது' என்று சொல்லவில்லை.

கவுன்சில் அடுத்த மாதம் கூடியது. ஜெயசீலன் சொன்ன கோஷத்துக்காக அவனைத் தண்டிப்பார்கள் என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். பெரிய விவாதம் நடந்தது உண்மைதான். ஆனால் மிக வயதான போதகர் ஒருவர், சாகிற மனிதன் கேட்டதால்தான் இந்தப் பையன் சொன்னான், தன் பக்திக்காகச் சொல்லவில்லையே என்றார். கூப்பிட்டுக் கண்டித்தால் போதும் என்று அந்த விஷயம் முடிந்தது. முடியாதது இன்னொன்று. வழக்கப்படி அறிக்கைகளின் நகல் கவுன்சிலுக்குப் போயிருந்தது; என் அறிக்கையையும் படித்திருந்தார்கள். தன் எதிர்காலத்துக்குப் பயந்து உண்மையை மறைக்க இவன் சம்மதித்திருக்கிறான், இப்படிப்பட்டவனை உடனே பரிந்துரைக்க முடியாது என்றார்கள். ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள். நஞ்சன்கூடு பக்கம் ஒரு விடுதியில் வார்டனாக இருந்து நன்னடத்தையைக் காட்டட்டும் என்று தீர்மானம்.

அதே கூட்டத்தில் என் வேலையை நிரந்தரமாக்கினார்கள். மேடம் செய்தது தவறுதான், ஆனாலும் மாணவன் மேல் இருந்த தாய்ப்பாசத்தால் செய்தது, அதை மறைக்காமல் எழுதியும் கொடுத்திருக்கிறார் என்று ஒருவர் பாராட்டிப் பேசினாராம். எழுத்தர் வந்து சந்தோஷமாகச் சொன்னார். நிரந்தரமானதற்கு ஆசிரியர் அறையில் மைசூர்பாகு வேறு வாங்கி வைத்திருந்தார்கள்.

அந்த வருடம் பாதியில் ஒரு சனிக்கிழமை நஞ்சன்கூட்டுக்கு பஸ் ஏறினேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை ஐயாவிடமும் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன். ஜெயசீலன் விடுதித் திண்ணையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று சமையல்காரரோடு குழம்பில் உப்பு அதிகம் என்று வாதாடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. டீ கொடுத்தான். தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிற கதையைச் சொன்னான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இப்ப படுத்தபடிதான் மேடம். அங்கிக்குத் துணி எடுத்து வெச்சிருக்காரு. வாரம் ஒருதரம் எடுத்துப் பாத்துட்டு மடிச்சு வெக்கறாருன்னு அம்மா சொன்னாங்க."

நான் டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. ஐயாவிடமும் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து உபதேசியார் இறந்துபோனார். அதற்கு அடுத்த மாதம் ஜெயசீலனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. அப்பா எடுத்துவைத்த துணியில் தைத்த அங்கியைத்தான் போட்டிருந்தான். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, "வந்தீங்களா மேடம், ரொம்ப சந்தோஷம்," என்றான். அவன் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அதே பாடத்தை நடத்தினேன். நூற்றுக்கணக்கான அறிக்கைகளில் நீல வட்டம் போட்டேன். அருள்தாஸ் ஐயா ஓய்வு பெற்றுப் போகும்போது தன் பென்சில்களை என்னிடம் கொடுத்தார். சிவப்பு பாதி இருந்தது. நீலம் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அந்த வட்டத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். அவரும் இப்போது இல்லை.

மெஷின் எழுதும்போது நாம் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு என் பதில் இது. அம்மா, உன் போன் எதையும் விடாது. நீ விடுவாய். நீயாக உட்கார்ந்து எழுதும்போதுதான் எதை விடுகிறாய் என்று தெரியும். 'எந்த இடத்தில் நான் தப்பித்து ஓடினேன்' என்ற கடைசிக் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. நான் ஓடிய இடத்தில் நீல வட்டம் போட்ட தாள் என் அலமாரியில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு மட்டும் அதில் நான் பதில் எழுதவில்லை.

ஜெயசீலா, முழுசா எழுதச் சொன்னாய். அந்த அரை நிமிட மௌனத்துக்குப் பிறகு நீ உடனே 'சரி' சொல்லவில்லை. உன் எதிர்காலத்துக்குப் பயந்தும் நீ சம்மதிக்கவில்லை. கவுன்சில் பார்க்காத இரண்டு வரிகளையும் சேர்த்து, அந்தப் பேச்சு முடிந்த விதம் இது. கல்லூரி மலரில் இதை ஒரு வார்த்தையும் விடாமல் போடு.

நான்: உங்கப்பாவ நெனச்சுப் பாரு.

மா: (மௌனம். அரை நிமிடம்.) அப்பா இதைக் கேட்டா எடுக்க வேண்டாம்னுதான் சொல்லுவாரு. நீங்க எனக்காகத்தான் சொல்றீங்களா மேடம்?

நான்: இல்ல. எனக்காக. அடுத்த மாசம் அதே கவுன்சில்ல என் வேலையும் இருக்கு.

மா: அப்படின்னா சரி மேடம். எடுத்துடறேன்.